மிளகாய்க்கு முன் ஒரு கரண்டி

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் கால் வைத்ததும் மூக்கில் ஏறுவது சுக்கு. நாலு கடை தள்ளி மிளகு. அதற்கும் அப்பால், வற்றல் மிளகாய் மூட்டை இறக்குகிற இடத்தைத் தும்மாமல் கடந்தவர் கிடையாது. ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்தின் நாக்குக்கு உறைப்பு ஏற்றி அனுப்பிய ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில், பல் முளைக்காத ஒரு வாய்க்கு முதன்முதலாக என்ன ஊட்டுகிறார்கள்?

கேள்வி சின்னதுதான். ஆனால் மட்டாஞ்சேரியில் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில் கிடையாது. நாலைந்து சதுர கிலோமீட்டருக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் இங்கே வாழ்வதாகச் சொல்வார்கள். மலையாளிகளோடு கொங்கணிகள், குஜராத்திகள், ஜைனர்கள், கச்சி மேமன்கள், தமிழ் பிராமணர்கள் என்று பட்டியல் நீளும். பக்கத்திலுள்ள வெளியில் தமிழ் வண்ணார்கள். 1341ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறியை மூடிக் கொச்சியைத் திறந்துவிட்டது என்பது வழிவழியாக வரும் வரலாறு. துறைமுகம் திறந்ததும் சரக்கு வந்தது. சரக்கின் பின்னால் மனிதர்கள் வந்தார்கள். மனிதர்கள் தங்கள் அடுப்பையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

அடுப்புகள் வேறு வேறு. ஆனால் தெருத் தெருவாகப் போய்க் குழந்தையின் கிண்ணத்தை மட்டும் எட்டிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தென்படும். குழந்தைக்கென்று தனியாக ஒரு சமையல் இந்த ஊரில் பெரும்பாலும் இருந்ததில்லை. பெரியவர்களுக்காக வேகிற பானையிலிருந்து, மிளகாயும் புளியும் உப்பும் விழுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வைக்கப்படும். அதுதான் குழந்தைக்கு. அந்தக் கரண்டியில் ஊட்டச்சத்து மட்டும் இல்லை, வம்சாவளியும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவில் மிளகாய் ஆதியில் விளைந்ததில்லை. அமெரிக்கக் கண்டத்துச் சரக்கான அதை 16ம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். ஆக, மிளகாய் விழும் முன் எடுத்த அந்த அரிசி, பயறு, வாழை, தேங்காய்க் கரண்டியில் வாஸ்கோடகாமா வருவதற்கு முந்தைய கேரளம் இருக்கிறது. ஒரே விதிவிலக்கு பரங்கிக்காய். அதுவும் அமெரிக்கக் கண்டத்துக் காய்தான் என்பதைப் பெயரே காட்டிக் கொடுக்கிறது. குழந்தைகள் அதற்கு மட்டும் ஆட்சேபம் சொல்வதில்லை.

பஜார் சாலையிலிருந்து சற்றுத் தள்ளினால் அரண்மனை. டச்சு அரண்மனை என்று பெயர். ஆனால் 1555ல் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1663க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள், பெயரைத் தட்டிக்கொண்டு போனார்கள். அரசரின் பள்ளியறைச் சுவர்களில் ஏறத்தாழ 300 சதுர அடிக்கு ராமாயண ஓவியங்கள். கதை தொடங்குவது தசரதனின் வேள்வியில். பிள்ளை வரம் பாயசமாக வந்த கதை அது. முதல் உணவுக்கு இந்த நாட்டில் எவ்வளவு மரியாதை என்பதைச் சுவரே சொல்கிறது.

மலையாளிகள் அந்த மரியாதைக்கு வைத்திருக்கும் பெயர் 'சோறூண்'. சோறு, ஊண் இரண்டுமே நம் பழைய சொற்கள்தான். நாம் வடமொழியில் 'அன்னப்பிராசனம்' என்கிறோம், அவர்கள் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஆறாம் மாதம், கோயிலில் வைத்து நடக்கும். குருவாயூரில் முகூர்த்த நாட்களில் சோறூணுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் கேரளத்தில் குழந்தைகளே குறைந்துவிட்டார்கள் என்ற பேச்சில் சந்தேகம் வரும்.

சடங்கு ஒரு நாளோடு சரி. மறுநாளிலிருந்து ஆட்சி செய்வது 'குறுக்கு'. பாலைக் குறுக்குவது என்று நாம் சொல்கிறோமே, அதே சொல்தான். அங்கே அது குழந்தை உணவுக்கே பெயராகிவிட்டது. குன்னன் வாழை அல்லது நேந்திரங்காய் முற்றியதாகப் பார்த்து, தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, வெயிலில் மொறமொறவென்று காயவைத்து, பொடித்துச் சலித்து டப்பாவில் அடைத்துவிடுவார்கள். வேண்டும்போது பொடியை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும். கரண்டி கனத்து, பளபளப்பு ஏறினால் இறக்கிவிடலாம். கேழ்வரகுக்கு இங்கே பஞ்ஞப்புல்லு என்று பெயர். அதை ஊறவைத்து அரைத்து, துணியில் பாலெடுத்துக் குறுக்குவது இன்னொரு வகை. கூவைக்கிழங்கு மாவு வயிறு சரியில்லாத நாளுக்கு.

செர்லாயி பக்கம் திரும்பினால் மணியோசையும் மொழியும் மாறும். திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிக் கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதர்கள். 16ம் நூற்றாண்டில் கோவாவில் போர்ச்சுகீசியர் மதம் மாற்றக் கெடுபிடி செய்தபோது தெய்வத்தையும் மொழியையும் காப்பாற்றிக்கொண்டு தெற்கே இறங்கியவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கஞ்சிக்குப் 'பேஜ்' என்று பெயர். தினசரிக் குழம்பு 'தாளிதோய்'. துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்துத் தாளித்துக் கொட்டினால் தாளிதோய். தாளிப்பதற்கு முந்தைய நிமிடத்தில் அது குழந்தை உணவு. வற்றல் மிளகாயும் பெருங்காயமும் நெய்யில் பொரிந்து மேலே விழுந்த பிறகு பெரியவர்கள் உணவு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு தாளிப்புக் கரண்டிதான்.

குஜராத்தி ரோட்டில் 1904ல் கட்டிய தர்மநாதர் ஜைனக் கோயில் இருக்கிறது. நடுப்பகலில் புறாக்களுக்குத் தானியம் போடுவார்கள். வானமே இறங்கி வருவதுபோல் புறாக்கள் இறங்கும். சோறூட்ட இதைவிட நல்ல இடம் எந்தத் தாய்க்குக் கிடைக்கும்? இந்தத் தெருவின் முதல் கவளம் கிச்சடி. அரிசி, பாசிப்பருப்பு, நெய், சிறிது மஞ்சள், கூடுதல் தண்ணீர். அதற்கும் முன்னால் பருப்புத் தண்ணீர். மண்ணுக்கடியில் விளைவதை உண்ணாத ஜைனக் குடும்பங்களில் கேரட்டும் உருளைக்கிழங்கும் குழந்தையின் கிண்ணத்துக்கு வருவதில்லை. அந்த இடத்தைச் சுரைக்காய் எடுத்துக்கொள்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பொதுப் பட்டியல் எதுவாக இருந்தாலும், கடைசியில் அது ஒரு வீட்டின் நம்பிக்கைக்குள் நுழைந்தாக வேண்டும் என்பதற்கு இந்தச் சுரைக்காய் சாட்சி.

ஃபோர்ட் கொச்சி எல்லையில், வெளியில், தோபிகானா. டச்சுக்காரர்கள் காலத்தில் படையினரின் உடுப்பு துவைக்க வந்த தமிழ் வண்ணார்களின் சந்ததியினர் இன்னமும் கல்லில் துணி அடித்து, கஞ்சி போட்டு, கயிற்றில் கிளிப் இல்லாமல் முறுக்கில் செருகிக் காயவைக்கிறார்கள். வீட்டில் பேச்சு தமிழ், வெளியில் மலையாளம். துணிக்குக் கஞ்சி, குழந்தைக்கும் கஞ்சி. பிறகு நெய்யும் பருப்பும் பிசைந்த சோறு, இட்லி என்று நமக்குப் பழக்கமான வரிசை. கஞ்சி என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் காஞ்ஜி ஆயிற்று. போர்ச்சுகீசியர்கள் அதைக் 'கான்ஜா' என்று வீட்டுக்கே கொண்டுபோய், கோழி போட்டுச் சூப்பாக்கி, நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். மிளகாயை வாங்கிக்கொண்டு கஞ்சியைக் கொடுத்திருக்கிறோம். பேரத்தில் யாருக்கு லாபம் என்பது சாப்பிடுகிறவரின் வயதைப் பொறுத்தது.

யூதத் தெருவில் மட்டும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. 1568ல் கட்டிய பரதேசி யூதர் ஜெபாலயத்தில் சீனத்து நீலப் பூ ஓடுகளைப் பார்க்கக் கூட்டம் வரிசையில் நிற்கிறது. ஆனால் 1948ல் இஸ்ரேல் பிறந்த பிறகு கொச்சி யூதர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். அந்தத் தெருவின் முதிய தலைமுறையைச் சேர்ந்த க்வீனி ஹலேகுவா 2024 ஆகஸ்டில் காலமானார். இறைச்சியையும் பாலையும் சேர்க்கக்கூடாது என்ற தங்கள் விதிக்குள் நின்று, பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கேரளக் கறிகளைத் தமதாக்கிக்கொண்ட சமையல் அவர்களுடையது. அதன் குறிப்புகள் புத்தகங்களில் கிடைக்கின்றன. ஆனால் ஊட்டுவதற்கு ஒரு குழந்தை இல்லாத தெருவில் சமையல் அருங்காட்சியகப் பொருளாகிவிடுகிறது. ஒரு சமூகத்தின் ருசி புத்தகத்தில் பிழைப்பதில்லை, ஆறாம் மாதத்து நாக்கில்தான் பிழைக்கிறது.

இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு அல்ல. 2001ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் மொனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜூலி மெனெல்லாவும் சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்திலோ, பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்துவந்த தாய்மார்களின் குழந்தைகள், பின்னாளில் கேரட் கலந்த கஞ்சியை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன. தாய் உண்டதன் வாசனை பனிக்குட நீரிலும் தாய்ப்பாலிலும் கலந்து குழந்தைக்குப் போகிறது. அதாவது சீரகமும் கறிவேப்பிலையும் குழந்தைக்குப் புதியவை அல்ல, ஏற்கெனவே அறிமுகமானவை. சொந்த வீட்டின் கறி, குழந்தைக்கு ஒருவகையில் மறுசந்திப்பு.

இந்தக் கணக்கை இன்னும் ஒழுங்காகப் போட்டுவைத்திருக்கும் ஒரு சமையலறை கொரியாவில் இருக்கிறது. தமிழர்களுக்கு அது அவ்வளவு தூரத்து நாடு அல்ல. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் தொழிற்சாலை வந்ததிலிருந்து சென்னையில் கொரியக் குடும்பங்களும் உணவகங்களும் உண்டு. தாயைக் குழந்தை அழைக்கும் சொல் அங்கே 'ஒம்மா', தந்தை 'அப்பா'. அவர்கள் உணவில் சோற்றைச் சுற்றிச் சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் தொடுகறிகளுக்குப் 'பான்சான்' என்று பெயர். மலையாளி 'கூட்டான்' என்பதும் நாம் 'தொட்டுக்கொள்ள' என்பதும் அதுவே. வேகவைத்துப் பிசறிய கீரை, முளைகட்டிய பயறு, டோஃபு, ஆவியில் வெந்த முட்டை, பிறகு கிம்சி.

குழந்தைக்கு அங்கேயும் தொடக்கம் அரிசிக் கஞ்சிதான். முதலில் 'மியூம்' என்ற நீர்த்த கஞ்சி, பிறகு 'ஜூக்' என்ற கெட்டிக் கஞ்சி, அதன்பின் குழைந்த சோறு. ஒவ்வொரு படியிலும் குடும்பத்துத் தொடுகறி ஒன்று, உப்பும் சோயாவும் மிளகாயும் இல்லாமல், உள்ளே நுழையும். கீரை மசியலாக, டோஃபு நொறுங்கலாக, முட்டை வெறும் ஆவியில். கிம்சிக்கு மிளகாய் போடாத வெள்ளை வகை ஒன்று உண்டு. அதிலும் உப்பு அதிகம் என்பதால் பிறகுதான் வரும். சற்று வளர்ந்த பிள்ளைக்குச் சிவப்புக் கிம்சியைத் தண்ணீரில் அலசி ஊட்டுவது கொரியத் தாய்களின் வழக்கம். குடம்புளி போட்ட மீன்கறித் துண்டை வெந்நீரில் அலசி, முள் பார்த்து, சோற்றில் ஒளித்து ஊட்டும் கொச்சித் தாய்க்கு இதை விளக்கத் தேவையில்லை. கொரியாவிலும் சிவப்பு மிளகாய் வந்தேறிதான் என்பது கூடுதல் ஒற்றுமை.

கொரியத் தாய் பான்சானில் செய்வதைக் கொச்சியின் கூட்டானில் செய்ய முடியுமா? முடியும், பலவற்றில் வேலையே இல்லை. ஓலனை எடுத்துக்கொள்ளுங்கள். தடியங்காய், வன்பயறு, தேங்காய்ப்பால். பச்சை மிளகாயைக் கடைசியில் போடுவதாக இருந்தால், அதற்கு முன்பு எடுத்து மசித்தது முழுமையான ஒரு வேளை உணவு. எரிசேரியில் பரங்கிக்காயும் பயறும் வெந்த கட்டத்தில் நிறுத்தலாம். அவியலில் தயிரும் மிளகாயும் சேரும் முன் வெந்த காய்களில் நாலைந்தை எடுத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மசிக்கலாம். சாம்பாரில் புளிக்கு முந்தைய பருப்பும் காயும். நேந்திரம்பழம் ஆவியில் வெந்தால் போதும், நடுவிலுள்ள கறுப்பு நரம்பை எடுத்துவிட்டு மசித்துக் கொடுக்கலாம். கரையோர வீடுகளில் வாழையிலையில் வேகும் மீனில் மசாலா தடவாத ஒரு துண்டு. முள் எடுப்பதில்தான் பொறுமை வேண்டும்.

எவ்வளவு, எப்படி என்பதில் பாட்டிகளும் மருத்துவர்களும் சில இடங்களில் ஒத்துப்போகிறார்கள், சில இடங்களில் இல்லை. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அதன்பின் தாய்ப்பாலோடு கூடவே திட உணவு. 'பால் மறக்கச் செய்யும் உணவு' என்ற பொருளில் வந்த பழைய ஆங்கிலச் சொல்லை அந்நிறுவனம் கைவிட்டதற்குக் காரணம் உண்டு. பால் மறப்பதற்கு அவசரமில்லை, இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம். தமிழில் 'இணை உணவு' என்ற சொல் வழக்கத்துக்கு வந்திருப்பது நல்ல மொழிபெயர்ப்பு மட்டுமல்ல, நல்ல வைத்தியமும்கூட.

ஆறிலிருந்து எட்டு மாதத்துக் குழந்தைக்கு உணவிலிருந்து தேவைப்படுவது நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி. ஒன்பதிலிருந்து பதினொரு மாதத்தில் 300, ஒரு வயதுக்குப் பிறகு 550. வயிறு சின்னது. எனவே தெளிந்த கஞ்சித் தண்ணீரால் நிரப்புவது வீண். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத கெட்டி வேண்டும். பாட்டியின் குறுக்கு இந்தத் தேர்வில் தேறிவிடுகிறது. தவறுவது வேறிடத்தில். வாழைப்பொடியிலும் அரிசியிலும் மாவுச்சத்து தாராளம், புரதமும் இரும்பும் சொற்பம். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாத வாக்கில் தீரத் தொடங்கும் நேரத்தில் மாதக்கணக்காக வெறும் குறுக்கு கொடுத்தால் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும், ரத்தம் இருக்காது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2019-21ல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் நாடு முழுவதும் 67 சதவீதம். தமிழ்நாட்டில் 57. கேரளத்தில்கூட 39. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது நாட்டில் 11 சதவீதத்தினருக்கே. குறுக்கோடு பயறு, கீரை, முட்டை மஞ்சள், மீன் என்று கூட்டான் சேர வேண்டிய கட்டாயம் இங்கேதான்.

இன்னும் இரண்டு இடத்தில் பாட்டி விட்டுக்கொடுத்தாக வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் பொன்னும் வயம்பும் தேனில் உரைத்துத் தொடுவது கேரள வழக்கம். தென்மாவட்டங்களில் நாம் சேனை தொடுவதுபோல. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். அதில் இருக்கக்கூடிய கிருமி சிசுவின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தளரச்செய்யும் விஷத்தை உண்டாக்கும். அடுத்தது குறுக்கில் தாராளமாக விழும் கற்கண்டும் வெல்லமும். இனிப்புக்கு நேந்திரம்பழமே போதும். பழக்கப்படாத கறியைக் குழந்தை துப்பினால் சர்க்கரை போட்டு மறைப்பதும் வேண்டாம். எட்டுப் பத்து முறை கொடுத்த பிறகே பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டும்.

இந்தப் பொறுமைக்கு இன்று நேரம் இருக்கிறதா என்பதுதான் பிரச்னை. மட்டாஞ்சேரியின் குஜராத்தி, கொங்கணி வீடுகளிலிருந்து பிள்ளைகள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். காயவைத்துப் பொடித்துத் தரும் கைகள் இங்கே, குழந்தை அங்கே. நடுவில் டப்பா உணவு நுழைகிறது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான உணவை விளம்பரம் செய்வதை 1992ம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடை செய்கின்றன. ஆனால் விளம்பரமில்லாமலே டப்பா விற்கிறது. 2024 ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பப்ளிக் ஐ என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கும் நெஸ்லேயின் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுவதாகவும், பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அப்படிச் சேர்ப்பதில்லை என்றும் அறிக்கை வெளியிட்டது. இந்திய விதிகளுக்கு உட்பட்டே தயாரிப்பதாகவும், ஐந்தாண்டுகளில் சர்க்கரையை 30 சதவீதம்வரை குறைத்துவிட்டதாகவும் நிறுவனம் பதில் சொன்னது. பின்னர் சர்க்கரை சேர்க்காத வகைகளையும் கொண்டுவந்தது.

டப்பாவை ஒரேயடியாகத் திட்டுவதும் நியாயமல்ல. இரும்புச்சத்து சேர்த்த மாவு, வெறும் கஞ்சியைவிட அந்த ஒரு விஷயத்தில் மேல். கேரள அரசும் ஒரு மாவு தருகிறது. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை சேர்த்துக் குடும்பஸ்ரீ பெண்கள் அரைக்கும் 'அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்' ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை அங்கன்வாடி வழியாக வீடு தேடி வருகிறது. அதிலும் சர்க்கரை உண்டு. ஆனால் பயறும் கடலையும் இருக்கின்றன, அரைப்பது அக்கம்பக்கத்துப் பெண்கள். 2025ல் அங்கன்வாடிகளின் உணவுப் பட்டியலையே கேரளம் மாற்றி, சர்க்கரையையும் உப்பையும் குறைத்து, முட்டை பிரியாணியைச் சேர்த்தது. உப்புமாவுக்குப் பதில் பிரியாணி கேட்ட ஒரு சிறுவனின் மழலை வீடியோ நாடு முழுவதும் சிரிக்கவைத்ததன் விளைவு அது. மட்டாஞ்சேரி நியூ ரோட்டில் காயீஸ் ஹோட்டல் 1948 முதல் பிரியாணி விற்றுக்கொண்டிருக்கிறது. இந்த ஊரில் அந்தக் கோரிக்கையை யாரும் தவறென்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் அரண்மனையையும் ஜெபாலயத்தையும் பார்த்துவிட்டு மிளகு வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ படகும் வந்துவிட்டதால் எர்ணாகுளத்திலிருந்து வருவது சுலபம். அடுத்தமுறை பஜார் சாலைப் பக்கத்துக் கடையில் குன்னன்காய்ப் பொடி கால் கிலோ வாங்கிப் பாருங்கள். வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருந்தால் உபயோகப்படும். ஆனால் ஊருக்கு எடுத்துப்போக வேண்டியது பொடியைவிட அந்தப் பழக்கத்தைத்தான். பெரியவர்களுக்குக் கொதிக்கும் பானையில் மிளகாய் விழும் முன் ஒரு கரண்டி. அதற்குத் தனி அடுப்பு வேண்டாம், தனிச் செலவு வேண்டாம். சமைப்பவருக்கு அந்த ஒரு நிமிடம் ஞாபகம் இருந்தால் போதும்.